பதினோராம் பாடம்

காமயகவுண்டன்பட்டிக்கு வாக்கப்பட்டு வந்து ஒன்பது வருஷமாகியும், ஞானசெல்வி என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டவர்களுக்கு அந்த வீட்டில் யாரும் தெளிவாகப் பதில் சொன்னதில்லை. தேனிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் வேலை என்பது வரைக்கும் சிக்கலில்லை. வாத்தியாரா என்றால் இல்லை. கிளார்க்கா என்றால் அதுவும் இல்லை. “காலேஜ் பாடத்தையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்துறா” என்பான் புருஷன் சுரேஷ்கண்ணன். “ஏத்தி?” என்று எதிராளி கொக்கி போட்டால், “ஏத்தி விட்ருவா” என்று நழுவிக்கொள்வான். மாமியார் மொக்கம்மாளுக்கு இந்த இழுபறியெல்லாம் கிடையாது. மருமகள் டிவியில் பாடம் எடுக்கிறாள் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அப்படி ஒரு டிவியை யாரும் பார்த்ததில்லை. ஆனால் மொக்கம்மாளிடம் அதைக் கேட்கிற தைரியமும் யாருக்கும் இல்லை.

உண்மையில் அந்த வேலை இப்படி. பேராசிரியர் ஒருவர் இருபது பக்கம் குறிப்பு கொடுப்பார். ஞானசெல்வி அதைப் பத்துப் பத்து நிமிஷத் துண்டுகளாக உடைப்பாள். படம் போடுவாள். தன் குரலிலேயே பேசிப் பதிவு செய்வாள். ஒவ்வொரு துண்டுக்கும் பின்னால் நாலைந்து கேள்வி வைப்பாள். பிறகு கல்லூரியின் இணையப் பக்கத்தில் ஏற்றுவாள். எந்த மாணவி எந்தப் பாடத்தை எத்தனை நிமிஷம் பார்த்தாள், எந்தக் கேள்வியில் தடுக்கி விழுந்தாள் என்பதெல்லாம் அவளுக்குத் திரையில் தெரியும். ஒன்பது வருஷமாக அந்தத் திரை அவளுக்குச் சொல்லி வந்தது ஒன்றே ஒன்றுதான்: யாரும் பார்க்கவில்லை.

ஆனி மாதம். கூடலூர்ப் பக்கத்து மலையில் மேகம் இறங்கி, சாரல் இன்றைக்கோ நாளைக்கோ என்று இருந்தது. பன்னீர் திராட்சை பழுத்து நிற்கிற நேரத்தில் மழை பிடித்தால் பழம் வெடித்துப்போகும். விடிந்தும் விடியாமல் மூன்று பேரும் பந்தலுக்குள் இறங்கியிருந்தார்கள். சுரேஷ்கண்ணன் அண்ணாந்து கொத்துக் கொத்தாக வெட்டி இறக்கினான். மொக்கம்மாள் தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்து, வெடித்த பழத்தைக் கத்தரியால் நறுக்கி எறிந்துவிட்டு, நல்லதைப் பெட்டியில் அடுக்கினாள். ஏழரை பஸ்ஸைப் பிடிக்கும்வரை ஞானசெல்வியும் பெட்டி தூக்குவாள். குமுளிக்குப் போகிற வியாபாரி வண்டி எட்டு மணிக்கு வந்துவிடும்.

அப்போதுதான் அவள் கைபேசி சிணுங்கியது. எடுத்துப் பார்த்தவள் பெட்டியைக் கீழே வைத்தாள்.

“கிடைச்சிருச்சுங்க.”

“எது, கம்பத்து வேலையா?” சுரேஷ்கண்ணன் தூக்கிய கையை இறக்கவில்லை.

மொக்கம்மாள் நிமிர்ந்தாள். “கம்பத்து வேலையா? அது எப்ப கேட்டீக? யாரு கேட்டா?”

மூன்று வாரத்துக்கு முன்னால் நேர்முகத்துக்குப் போய் வந்ததை மாமியாரிடம் இருவரும் சொல்லியிருக்கவில்லை. இப்போது சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்விப் பிரிவு கம்பத்தில் மையம் திறக்கிறது. கல்லூரிக்குப் போக முடியாத சனங்களுக்குப் பாடம் தயாரிக்க வேண்டும். ஒரு வருஷத்துக்குத்தான் ஆர்டர். பார்த்து நீட்டிப்பார்கள்.

“ஒரு வருசமா?” மொக்கம்மாள் கத்தரியை மடியில் வைத்தாள். “ஒம்பது வருசம் பாத்த வேலையத் தூக்கிப் போட்டுட்டு ஒரு வருசத்து வேலைக்குப் போறவ எங்கனயாச்சும் இருக்காளா? அங்கன ஒன்னை யாரும் ஏசுனாகளா?”

“ஏசல அத்தை. அங்கன நான் ஏத்துற பாடத்த ஒருத்தரும் பாக்குறதில்ல.”

“பாக்காமயா மாசாமாசம் சம்பளம் குடுக்குறாக?”

“ஆய்வுக்குழு வரும்போது காட்டுறதுக்கு. இத்தனை பாடம் இருக்குன்னு காட்டணும்ல.”

“அப்ப கம்பத்துல மட்டும் பாப்பாகளாக்கும்?”

ஞானசெல்விக்கு அந்த நேர்முகம் நினைவு வந்தது. மையத்தின் பொறுப்பாளர் ஜாய்ஸ் அம்மாள், ஐம்பது வயதுக்காரர், அவளுடைய சான்றிதழ் நகலைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. “தாவரவியல் அடிப்படைன்னு கொரோனா சமயத்துல பதினாறு பாடம் பொதுவுல போட்டீங்கல்ல, அது உங்க குரல்தானே?” என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றாள். “அதைக் கேக்குறவங்க இருக்காங்க. நான் கூடலூர் பஸ் ஸ்டாண்டுல நின்னுதான் முதல்ல கேட்டேன். வேலைக்கு வாங்க, காட்டுறேன்.” அவ்வளவுதான். அந்த ‘இருக்காங்க’ என்ற ஒரு சொல் மூன்று வாரமாக அவளைத் தூங்கவிடவில்லை.

“ஒருத்தங்க கேக்குறாகளாம் அத்தை” என்றாள்.

மொக்கம்மாள் மறுபடி கத்தரியை எடுத்தாள். “ஒருத்தங்க கேக்குறாகன்னு ஒம்பது வருசத்த விடுறா. நல்லாருக்கு.” கொஞ்ச நேரம் நறுக்கினாள். “பெட்டியத் தூக்கு. மேக்க கருத்துக்கிட்டு வருது.”

அன்று பதினொரு மணிக்கு ஞானசெல்வி ராஜினாமாக் கடிதத்தோடு தாளாளர் அறைக்குப் போனாள். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“செப்டம்பர்ல குழு வருது. தெரியுமா?”

“தெரியும் சார்.”

“போன தடவை என்ன செஞ்சீங்களோ அதைச் செஞ்சு குடுத்துட்டு, குழு போனதும் தாராளமா போங்க.”

போன தடவை. மூன்று வருஷத்துக்கு முன்னால் குழு வருவதற்கு முந்தின நாள், எல்லா மாணவிகளும் எல்லா இணையப் பாடத்தையும் முடித்ததாகக் காட்டச் சொன்னார்கள். அதற்கு ஒரு பொத்தான் போதும். அமுக்கினாள். திரையில் இரண்டாயிரத்து முன்னூற்றுப் பன்னிரண்டு பெயருக்கு எதிரே பச்சைக் குறி விழுந்தது. குழு பாராட்டிவிட்டுப் போனது. தாளாளர் மேடைக்குக் கூப்பிட்டு அவளுக்குச் சால்வை போட்டார். அந்தச் சால்வையை அவள் இன்றுவரை பிரிக்கவில்லை.

“அதை இனிமே செய்ய மாட்டேன் சார்.”

“அப்ப ஒங்க ஒரிஜினலும் இங்கயே இருக்கட்டும்.”

பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலிருந்து எம்.சி.ஏ. பட்டம்வரை எல்லா அசலும், வேலைக்குச் சேர்ந்த அன்று கல்லூரியில் வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டியவை. அங்கே வேலை பார்க்கிற எல்லோருடையதும் அப்படித்தான் கிடந்தது. ஜூலை ஒன்றாம் தேதி அசல் சான்றிதழோடு வந்து சேர வேண்டும் என்று கம்பத்திலிருந்து எழுதியிருந்தார்கள். பன்னிரண்டு நாள் இருந்தது.

இரவுச் சாப்பாடு அன்று சீக்கிரம் முடிந்தது. கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும். சுரேஷ்கண்ணன் களியைப் பிட்டுப் பிட்டு வைத்துக்கொண்டு யோசித்தான்.

“ஒரு பட்டன்தான செல்வி. அமுக்கிக் குடுத்துட்டு வாங்கிட்டு வந்துரு. நம்ம என்ன அங்கன காலம்பூரா இருக்கப் போறமா?”

“போன தடவையும் ஒரு பட்டன்தான்.”

“அதனால யாருக்கு என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல. அதுதாங்க.” அவள் தட்டைப் பார்த்தபடி பேசினாள். “ரெண்டாயிரத்து முன்னூறு பேரு படிச்சதா எழுதுனேன். ஒருத்திகூட படிக்கல. படிக்கலங்கிறதும் யாருக்கும் தெரியல. நான் செஞ்சது நல்ல பாடமா மோசமான பாடமான்னு எனக்கே தெரியல. சரியா இருக்கா தப்பா இருக்கான்னு சொல்ல ஒரு ஆளு இல்ல. இருட்டுக்குள்ள பேசிக்கிட்டு இருக்க மாதிரி இருக்கு.”

மொக்கம்மாள் எழுந்து கை கழுவிவிட்டு, “அந்தக் காலேஜுக்கு எந்த பஸ்ஸு?” என்று மட்டும் கேட்டாள். ஏதோ பேச்சுக்குக் கேட்கிறாள் என்று ஞானசெல்வி நினைத்தாள்.

மூன்றாம் நாள் பத்து மணிக்கு வாட்ச்மேன் மாடியேறி மூச்சு வாங்க வந்தார். “மேடம், ஒங்க மாமியார் வந்துருக்காக. வரவேற்புல உக்காந்துருக்காக. எந்திரிக்க மாட்டேங்குறாக.”

அட்மிஷன் நேரம். கூடம் முழுக்கப் பிள்ளைகளும் பெற்றவர்களுமாக நிரம்பியிருந்தது. மார்க்கையன்கோட்டை, சின்னமனூர், போடி என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள், கையில் கோப்போடு வரிசையில் இருந்தார்கள். நட்டநடுவில் ஒரு திராட்சைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு மொக்கம்மாள் உட்கார்ந்திருந்தாள். கொண்டையில் இன்னும் பந்தல் சருகு ஒட்டியிருந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு கொத்து நீட்டினாள்.

“தின்னுங்கய்யா, விடியக் காலையில வெட்டுனது. பிள்ளையச் சேக்க வந்தீகளா?”

“ஆமாம்மா” என்றார் ஒரு தகப்பன்.

“நல்ல காலேஜு. எம்மருமக இங்கனதான் ஒம்பது வருசமா வேலை பாக்குறா. சேரும்போது அவ படிச்ச படிப்பையெல்லாம் வாங்கிப் பீரோவுல வச்சாக. பத்திரமா இருக்குய்யா, ஒரு குறையும் சொல்லக் கூடாது. இப்பக் கேட்டா குடுக்க மாட்டேங்குறாக. அதான் வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன். வெயில் சாயுறவரைக்கும் இருப்பேன். நாளைக்கும் பெட்டி இருக்கு.”

குரல் உயர்த்தவில்லை. பந்தலுக்கு அந்தக் கோடியில் இருப்பவனைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. சாதாரணமாகப் பேசினாலே கூடத்தின் மூலைவரை போயிற்று. அந்தத் தகப்பன் வாயில் போட்ட பழத்தை மெல்லாமல், கவுன்டரில் நீட்டப் போன கோப்பை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் இருந்த அம்மாள் மகளிடம், “நீ குடுத்துட்டியா?” என்று கேட்டாள். 

ஞானசெல்வி படிக்கட்டில் நின்றுவிட்டாள். இறங்கிப் போய் மாமியாரைத் தடுக்க வேண்டும் என்று தோன்றியது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஒன்பது வருஷத்தில் அவளோ அவளோடு வேலை பார்க்கிற நூறு பேரோ கேட்கத் துணியாத ஒன்றை, இந்த மனுஷி பழம் விற்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள்.

கால் மணி நேரம் ஆகியிருக்காது. அலுவலகக் கண்காணிப்பாளர் ஜாஸ்பர் ஒரு பழுப்புக் கோப்போடு வந்தார். கோப்பில் சுற்றியிருந்த ரப்பர் பேண்ட் உருகி அட்டையோடு ஒட்டிப் போயிருந்தது. “முப்பதாம் தேதியோட விடுவிச்சிரச் சொல்லிட்டாரு” என்று ஞானசெல்வியின் கையில் கொடுத்தவர், குரலைத் தாழ்த்தி, “என்னுதும் அதே பீரோவுலதாம்மா இருக்கு” என்றார். மொக்கம்மாள் அவருக்கும் ஒரு கொத்து கொடுத்தாள்.

திரும்பும் பஸ்ஸில் மொக்கம்மாள் கோப்பைப் பிரித்து, எழுத்துக் கூட்டி எண்களை மட்டும் படித்தாள். “கணக்குல தொண்ணூத்தாறா?”

“ஆமா அத்தை.”

“சொல்லவே இல்லயே.” கொஞ்ச தூரம் போனதும், “ஒரு வருசந்தான? பாத்துக்குவோம்” என்றாள்.

கம்பத்து மையம் ஓர் உரக்கடையின் மாடியில் இருந்தது. இரண்டு அறை, நாலு கம்ப்யூட்டர், எந்நேரமும் யூரியா வாடை. முதல் மாதம் முழுக்க வயர் இழுப்பதிலும் பதிவேடு திறப்பதிலும் போயிற்று. தோட்டப் பயிர்ச் சான்றிதழ் படிப்பு என்று ஒன்று. எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும், சேரலாம். இருபத்து மூன்று பெண்கள் சேர்ந்திருந்தார்கள். எல்லோரும் பள்ளத்தாக்கிலிருந்து விடியற்காலை ஜீப்பேறி, மலைமேல் கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வேலைக்குப் போய் வருகிறவர்கள். சான்றிதழ் இருந்தால் மேற்பார்வை வேலைக்கும் காய் உலர்த்தும் கூடத்து வேலைக்கும் எடுப்பதாகத் தோட்டக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். முதல் தேர்வு ஆவணி கடைசியில்.

“அவங்க எப்ப படிப்பாங்க மேடம்? நாலரைக்கு எந்திரிச்சு ஏழு மணிக்கு வீடு திரும்புறவங்க” என்று ஞானசெல்வி ஒருநாள் கேட்டாள்.

ஜாய்ஸ் அம்மாள் சிரித்தார். “நாளைக்கு ஜீப்புல போயிட்டு வாங்க. அன்னத்தாய்னு ஒருத்தங்க இருப்பாங்க. நான் சொல்லி வைக்கிறேன்.”

மறுநாள் ஐந்து மணிக்கு ஊர் முக்கில் ஜீப் வந்து நின்றது. ஓட்டுநர் அஜய்குமார் முன்பக்கம் இடம் கொடுத்தும், அவள் பின்னால் ஏறினாள். பதினான்கு பெண்கள். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, மடியில் தூக்குவாளி. காலடியில் மடித்து வைத்த பிளாஸ்டிக் தாள், மழைக்கு. உட்கார்ந்தவர் முழங்காலும் எதிரே இருப்பவர் முழங்காலும் பின்னிக்கொண்டன. ஒவ்வொரு நாளும் இந்த ஜீப்பின் சத்தத்தைக் கேட்டுத்தான் அவள் கண் விழித்திருக்கிறாள். ஒரு தடவைகூட உள்ளே யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்ததில்லை. பிறந்தது தேனிக் கடைத்தெரு. வாழ்க்கைப்பட்டது திராட்சைக் காட்டில். மலைமேல் அவள் ஏறியதே இல்லை.

கம்பம்மெட்டு வளைவில் ஜீப் ஏறத் தொடங்கியதும், நாற்பத்தைந்து வயதிருக்கிற, கறுத்து மெலிந்த ஒரு பெண் மடியிலிருந்து கைபேசியை எடுத்து, சத்தம் கூட்டவென்றே கொண்டுவந்த வெறும் தூக்குவாளிக்குள் போட்டாள். வாளி பேசத் தொடங்கியது.

“வணக்கம். இது நான்காம் பாடம். வேர் எப்படி நீரை உறிஞ்சுகிறது என்று பார்ப்போம்.”

ஞானசெல்வியின் குரல்தான். கொரோனா சமயத்தில் வீட்டுக் கடைசி அறையில், சளி பிடித்த தொண்டையோடு பதிந்தது. அந்தப் பதினாறு பாடத்தை அவளே மறுபடி கேட்டதில்லை.

“இரு, இப்பச் சேவல் கூவும் பாரு” என்றாள் ஒருத்தி.

வாளிக்குள் சேவல் கூவியது. மொக்கம்மாளின் சேவல். ஜீப் முழுக்கச் சிரித்தது. அஜய்குமார்கூட முன்னாலிருந்து சிரித்தான். பிறகு எல்லோரும் ஒரே வாயாக வாளியோடு சேர்ந்து சொன்னார்கள்: “வேர்த்தூவி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் செடி குடிக்கிற தண்ணீரெல்லாம் அது வழியாகத்தான் போகிறது.” ஒரு சொல் பிசகவில்லை. எங்கே அவள் மூச்சு வாங்கியிருந்தாளோ அங்கே அவர்களும் மூச்சு வாங்கினார்கள்.

ஜீப் ஒரு குழியில் இறங்கி ஏறியதில் ஞானசெல்வி பக்கத்துப் பெண்மேல் சாய்ந்துவிட்டாள். “மன்னிச்சுக்கங்கக்கா, கொஞ்சம் தள்ளிக்கலாமா?” என்றாள். அதுதான் அவள் அன்று ஜீப்பில் பேசிய முதல் பேச்சு.

சிரிப்பு நின்றது. அந்த மெலிந்த பெண் வாளிக்குள் கை விட்டுப் பாடத்தை நிறுத்தினாள்.

“ஏத்தா, இன்னொருக்கா பேசு.”

“என்னக்கா பேச?”

“வணக்கம், இது நான்காம் பாடம்னு சொல்லு.”

ஞானசெல்வி சொன்னாள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருத்தி கையை நீட்டி அவள் தாடையைத் தொட்டுப் பார்த்தாள். “இந்தத் தொண்டைதான்டி” என்றாள் மெதுவாக. அந்த மெலிந்த பெண்தான் அன்னத்தாய். “ஜாய்ஸம்மா டீச்சர் வருவாகன்னுதான் சொன்னாக. நீதான் வருவேன்னு சொல்லல” என்றாள். அதற்கப்புறம் மலையேறும்வரை யாரும் பாடம் போடவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். அவள் பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

தோட்டத்தில் இறங்கியபோது சாரல் பிடித்திருந்தது. ஓங்கிய மரங்களுக்குக் கீழே ஆளைவிட உயரமாக ஏலச் செடிகள், சரிவு முழுக்க, மேலே மேகத்துக்குள் மறைகிறவரை நின்றன. நாற்பது ஐம்பது பெண்கள் வேறு வேறு ஜீப்பில் வந்து இறங்கி, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு வரிசை பிரிந்தார்கள். ஆளுக்கொரு வரிசை. ஐந்து நிமிஷத்தில் ஒருவரும் கண்ணில் இல்லை. எல்லோரும் குனிந்து செடிக்குள் போய்விட்டார்கள். ஈரத்தோகை உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“இங்கன எப்படிக்கா கேப்பீக? வாளிச் சத்தம் ரெண்டு செடி தாண்டாதே?”

அன்னத்தாய் வரிசையின் அடியில் உட்கார்ந்து, கைபேசியைக் காதருகே துண்டுக்குள் செருகிக்கொண்டாள். “பாரு.”

கைபேசி ஒரு வாக்கியம் சொன்னது. அன்னத்தாய் அதை நிறுத்திவிட்டு, தலை நிமிராமல், காயைக் கிள்ளிக்கொண்டே, சத்தமாகச் சொன்னாள்: “இலை உணவு சமைக்கும்!”

பத்தடி தள்ளி, செடிக்குள்ளிருந்து ஒரு குரல் வாங்கிக்கொண்டது: “இலை உணவு சமைக்கும்!”

அதற்கு மேலே இன்னொன்று. அதற்கு மேலே இன்னொன்று. ஒரு குரல் கரகரத்தது, ஒன்று கீச்சென்றது, ஒன்று பாட்டு மாதிரி இழுத்தது. ஆள் தெரியவில்லை. சொல் மட்டும் சரிவில் ஏறிப் போனது. மேகத்துக்குள் நுழைந்து, கேட்கிறதா இல்லையா என்று தெரியாத தூரத்தில் கடைசி முறை ஒலித்து நின்றது. பிறகு அன்னத்தாய் அடுத்த வாக்கியத்தைப் போட்டாள்.

ஞானசெல்வி பக்கத்துப் பாறையில் உட்கார்ந்தாள். அவள் எழுதிய வாக்கியங்கள். நகரத்துப் பேராசிரியரின் முரட்டுத் தமிழைச் சின்னச் சின்னதாக உடைத்து, யாருக்கு என்று தெரியாமலே, ஒரு மூச்சில் சொல்லும்படி அளந்து அளந்து எழுதிய வாக்கியங்கள். அவை இப்போது மலை ஏறிக்கொண்டிருந்தன.

“மேல இருக்கவுக எல்லாரும் நம்ம படிப்புல சேந்தவுகளா?”

“எங்கிட்டு? பாதிப்பேரு சேரல. வரிசையில நின்னா சொல்லித்தான ஆகணும். அவ சொல்லலைன்னா மேல இருக்கவளுக்கு எப்படிப் போகும்?” அன்னத்தாய் காயைப் பையில் போட்டாள். “முதல்ல கங்காணி ஜஸ்டின் சேட்டன் வைதாரு. வேலை குறையலைன்னு தெரிஞ்சதும் விட்டுட்டாரு. இப்ப அவரே பாடம் எவிட எத்திங்கிறாரு.”

பாடம் எதுவரை வந்திருக்கிறது என்று மலையாளத்தில் கேட்பாராம். பதினோராம் பாடம் வந்திருந்தது. பூவும் காயும். கைபேசிக்குள்ளிருந்து ஞானசெல்வியின் குரல் சொன்னது: “ஏலச் செடியின் உச்சியில் பூத்து, காய் கொத்தாகத் தொங்கும்.”

அன்னத்தாய் சத்தமாகச் சொன்னாள்: “ஏலச் செடியின் அடியில் பூத்து, காய் சரமாகக் கிடக்கும்!”

“ஏலச் செடியின் அடியில் பூத்து…” மேலே வாங்கிக்கொண்டார்கள்.

ஞானசெல்வி நிமிர்ந்தாள். “அக்கா, நான் அப்படிச் சொல்லலையே.”

அன்னத்தாயின் கை நின்றது. அவள் முகத்தில் சங்கடம். “தப்பா நெனைக்காத டீச்சர். அந்த ஒரு இடத்துல மட்டும் நாங்க மாத்திக்கிருவோம். தப்பா ஏத்தி விட்டா தப்பாத்தான மேல போகும்? ஏலத்துக்குப் பூவும் காயும் மண்ணுல. அதுக்குத்தான நாங்க நாள் பூரா குனியுறோம்? உச்சியில காச்சா நிமிந்து பறிச்சிர மாட்டமா?”

ஞானசெல்விக்கு அந்தப் படம் நினைவுக்கு வந்தது. பேராசிரியர் குறிப்பில் ‘நுனியில்’ என்று இருந்தது. அவள் உலர்ந்த ஏலக்காயைத் தவிர வேறு பார்த்ததில்லை. இலைகளுக்கு நடுவே பச்சைக் கொத்தாக வரைந்து தொங்கவிட்டாள். இரண்டாயிரத்து முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் அந்தப் பாடத்தை முடித்ததாகப் பச்சைக் குறி போட்டாள்.

“அந்தக் காலேஜு நம்பருக்கு மூணு தடவை போன் போட்டேன். யாரும் எடுக்கல” என்றாள் அன்னத்தாய். “ஒண்ணு கேக்கணும் டீச்சர். பரிச்சையில அந்தக் கேள்வி வந்தா, நாங்க எதை எழுத? நீ சொன்னதையா, செடி சொன்னதையா?”

“செடி சொன்னதக்கா” என்றாள் ஞானசெல்வி. “நான் இன்னைக்கே மாத்துறேன். எனக்குக் காட்டுறீகளா?”

அன்னத்தாய் நகர்ந்து இடம் விட்டாள். ஞானசெல்வி ஈரமண்ணில் மண்டியிட்டு, தோகையை விலக்கி, தலையை உள்ளே கொண்டுபோனாள். செடியின் தூரிலிருந்து கொடி மாதிரி நாலைந்து சரம் கிளம்பி மண்மேல் ஓடியிருந்தது. சரம் நெடுகப் பச்சைக் காய்கள். நுனியில், சருகுக்கு ஓரங்குலம் மேலே, ஒரு வெள்ளைப் பூ. அதன் உதட்டில் யாரோ பேனாவால் கோடு கிழித்த மாதிரி ஊதா நரம்புகள். ஒரு தேனீ, ஞானசெல்வியின் மூக்குக்கு அருகிலேயே, அவளைப் பொருட்படுத்தாமல் பூவுக்குள் போய் வெளியே வந்தது. எத்தனை நேரம் அப்படிக் கிடந்தாளோ தெரியாது. கழுத்தில் மழை சொட்டியது.

எழுந்தபோது அன்னத்தாய் கைபேசியை நிறுத்தி மடியில் போட்டிருந்தாள். “நீயே சொல்லு டீச்சர். மேல இருக்கவளுக்கெல்லாம் நீ வந்துருக்கன்னு தெரியாது.”

ஞானசெல்வி சரிவைப் பார்த்து நின்றாள். ஒரு மனுஷ முகமும் தெரியவில்லை. மூச்சை இழுத்து, “ஏலச் செடியின் அடியில் பூத்து, காய் சரமாகக் கிடக்கும்!” என்றாள்.

முதல் வரிசையில் ஒரு கணம் சத்தமில்லை. குரலை அடையாளம் கண்டிருப்பார்கள். பிறகு ஒரு குரல் எடுத்தது. அடுத்தது எடுத்தது. சொல் முன்னைவிட வேகமாக ஏறிப் போனது. இடையிடையே “டீச்சரு வந்துருக்காகடி” என்பதும் கூடவே ஏறியது. மேகத்துக்குள் போய் மறைந்தது. அவள் முடிந்தது என்று நினைத்தாள்.

முடியவில்லை. வெகு உயரத்தில் ஏதோ ஒரு குரல். அதற்குக் கீழே இன்னொன்று. இந்த முறை சொல் மேலிருந்து கீழே வந்துகொண்டிருந்தது, வாய்க்கு வாய், வரிசைக்கு வரிசை, கரகரத்த குரல் வாங்கி, கீச்சுக் குரல் வாங்கி, கடைசியில் பத்தடி தள்ளி இருந்த செடி அவளைக் கேட்டது:

“ஏன் அடியில?”

அன்னத்தாய் அவள் முகத்தைப் பார்த்தாள்.

ஞானசெல்வி யோசித்தாள். குறிப்பில் இல்லை. பேராசிரியர் சொல்லவில்லை. அவளும் கேட்டதில்லை. ஒன்பது வருஷத்தில் அவளுடைய பாடத்துக்குத் திரும்பி வந்த முதல் கேள்வி அது.

“எனக்குத் தெரியல!” என்றாள் மலையைப் பார்த்து. “கேட்டுட்டு வந்து சொல்றேன்!”

அது ஏறிப் போனது. எனக்குத் தெரியல, கேட்டுட்டு வந்து சொல்றேன். எனக்குத் தெரியல, கேட்டுட்டு வந்து சொல்றேன். தோகைகள் உரசின, சாரல் வலுத்தது, கைகள் காய் கிள்ளுவதை நிறுத்தவில்லை. மேகத்துக்குள் அந்தக் கடைசிக் குரல்வரை ஒருத்திகூட அதில் ஒரு சொல்லை மாற்றவில்லை.